பனமரம் இல்லாத பனமரத்துக் கொல்லை: டேபிளுக்கும் வேரியபிளுக்கும் பெயர் வைப்பது

என் மாமா ஒருவருக்கு வேலூர் லாங் பஜார் பக்கம் அரிசி மண்டி. ஆரணியிலிருந்து லோடு வந்து இறங்கும். குடியாத்தம், ஆம்பூர், அணைக்கட்டுக் கடைக்காரர்கள் வந்து எடுத்துப் போவார்கள். அங்கே இருந்த கணக்குப்பிள்ளையின் நோட்டில் தலைப்பு என்று எதுவும் கிடையாது. மூ, வ, பா, கு.பா. என்று ஓரெழுத்து ஈரெழுத்துக் குறிப்புகள்தான். மூ என்றால் மூட்டை, வ என்றால் வரவு. பல வருஷம் அந்த நோட்டு ஒரு தப்பும் இல்லாமல் ஓடியது. பெண்ணுக்குக் கல்யாணம் என்று அவர் பத்து நாள் லீவு போட்டபோதுதான் வினை வந்தது. 'பா' என்றால் பாக்கி என்று மாமா சொல்ல, அப்படியானால் 'கு.பா.' குடியாத்தம் பாக்கியா என்று நான் கேட்க, அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் போன் போட்டோம். கல்யாண மண்டபச் சத்தத்துக்கு நடுவே அவர் சொன்னார்: "அது குடியாத்தம் பாய், தம்பி."

புரோகிராமில் பெயர் வைப்பதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வரும். இந்த விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. பேர் எப்படி இருந்தால் என்ன, ஓடினால் போதும் என்பது ஒன்று. சொல்லுக்கு நடுவில் அண்டர்ஸ்கோர் (_ என்ற அடிக்கோடு) போடாதவனைச் சேர்க்கவே கூடாது என்று சட்டப் புத்தகத்தோடு வருவது இன்னொன்று. புதிதாகக் கற்க வருபவர்கள் இரண்டுக்கும் நடுவில் மாட்டி, இது ஏதோ கம்ப்யூட்டர் போட்ட விதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எப்படி இல்லை என்பதைக் கீழே மட்டத்திலிருந்து பார்ப்போம்.

ஒரு சங்கதி முன்கூட்டியே: இங்கே உதாரணப் பெயர்களை எல்லாம் தமிழிலேயே எழுதுகிறேன். வேலையில் நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிப்பீர்கள், பரவாயில்லை.

கொல்லையும் சர்வே எண்ணும்

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் கொல்லை என்போம். ஒவ்வொரு கொல்லைக்கும் ஒரு பெயர் இருக்கும்: பனமரத்துக் கொல்லை, கிணத்துக் கொல்லை, ஏரிக்கரைக் கொல்லை. ஊரில் யாரிடம் கேட்டாலும் வழி காட்டுவார்கள். ஆனால் பத்திர ஆபீஸில் போய்ப் பனமரத்துக் கொல்லையை எழுதித் தாருங்கள் என்றால் சிரிப்பார்கள். அங்கே சர்வே எண்தான் பேசும்.

புரோகிராமிலும் இதே கதை. வேரியபிள் என்பது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்துக்கு நாம் கொடுக்கும் பெயர். மெமரியில் அந்த இடத்துக்கு ஓர் எண் முகவரி உண்டு, அதுதான் சர்வே எண். சி போன்ற புரோகிராம் மொழியில் நீங்கள் எழுதியதைக் கம்பைலர் படிக்கும். கம்பைலர் என்றால் நாம் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள். படிக்கும்போது அது இந்தப் பெயருக்கு இந்த இடம் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளும், மாற்றி முடித்ததும் கட்டளைகளில் இடம் மட்டும்தான் இருக்கும். ஒரு ஃபங்ஷனுக்குள் (ஒரு வேலையை மட்டும் செய்யும் புரோகிராம் துண்டு அது) இருக்கும் வேரியபிளுக்கு நீங்கள் 'மூட்டை_எடை' என்று பெயர் வைத்தாலும் சரி, 'க' என்று வைத்தாலும் சரி, வெளியே வரும் இயந்திரக் கட்டளை ஒன்றேதான்.

ஆக, ஓடினால் போதும் என்கிற கட்சி சொல்வதில் பாதி உண்மை. இயந்திரத்துக்குப் பெயர் தேவையில்லை. அடுத்துப் படிக்கப் போகிறவருக்குத்தான் தேவை. பெரும்பாலும் அந்த அடுத்தவர், எழுதியதை ஆறு மாதத்தில் மறந்துவிட்ட நீங்களே.

பெயர் எவ்வளவு தூரம் போகிறது?

கணக்குப்பிள்ளையின் 'மூ' ஏன் அவ்வளவு காலம் தப்பில்லாமல் நடந்தது? எழுதுபவரும் படிப்பவரும் ஒரே ஆள். நோட்டை விட்டு அந்த எழுத்து வெளியே போகவில்லை. ஒரு பெயர் எங்கிருந்து எங்கே வரை செல்லுபடியாகுமோ அதற்கு ஸ்கோப் என்று பெயர். திரும்பத் திரும்ப ஓடும் மூன்று வரி லூப்புக்குள் எண்ணிக்கைக்கு ஆங்கில 'ஐ' என்று ஓரெழுத்து வைத்தால் யாரும் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை, மூன்றாம் வரியில் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. (அந்த 'ஐ' வந்த வழியும் சுவாரசியம்தான். கணிதத்தில் ஏற்கெனவே இருந்த பழக்கம் அது. 1957இல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் 'ஐ' முதல் 'என்' வரை எந்த எழுத்தில் பெயர் தொடங்கினாலும் தானாகவே முழு எண் என்று எடுத்துக்கொள்வார்கள். அப்போது ஒரு பெயருக்கு ஆறு எழுத்துதான் அதிகபட்சம். சிக்கனம் பிடிக்காமல் வேறு வழி?)

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் உருப்படியான ஒரே அளவுகோல் இதுதான்: பெயர் எவ்வளவு தூரம் போகப் போகிறது என்று முதலில் பாருங்கள், அதற்கேற்ற அளவு யோசியுங்கள். வீட்டுக்குள் கூப்பிடும் செல்லப் பெயரும் ரேஷன் கார்டில் ஏறும் பெயரும் ஒன்றா என்ன?

டேபிள் பெயர் ஏன் வேறு ஜாதி

டேட்டாபேஸ் என்பது தகவலை டேபிள்களாக அடுக்கி வைத்துக் கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். டேபிளில் மேலிருந்து கீழே போகும் கட்டங்கள் நெடுவரிசை. ஆபீஸில் யாரும் நெடுவரிசை என்று சொல்வதில்லை, காலம் என்போம். ஆனால் எழுத்தில் 'தேதிக் காலம்' என்று போட்டால் நீங்கள் நேரத்தை நினைப்பீர்கள், அதனால் இங்கே நெடுவரிசை.

வேரியபிளுக்கு நடப்பது இங்கே நடக்காது. டேபிள் பெயர், நெடுவரிசைப் பெயர் எல்லாவற்றையும் டேட்டாபேஸ் தனக்குள்ளேயே ஒரு பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கேள்வியும் வெறும் எழுத்துகளாகத்தான் போகிறது, அதிலுள்ள பெயரைப் பதிவேட்டில் தேடித்தான் அது டேபிளைக் கண்டுபிடிக்கும். அந்தப் பெயரைக் கையில் வைத்திருப்பது உங்கள் புரோகிராம் மட்டுமா? மாதக் கடைசி ரிப்போர்ட், ஆடிட்டருக்கு எக்செல் எடுத்துத் தரும் ஸ்கிரிப்ட், எப்போதோ வேலையை விட்டுப் போன பையன் எழுதிய பேக்கப் என்று ஊரெல்லாம் அந்தப் பெயர் பரவியிருக்கும். வேரியபிள் பெயரை மாற்றினால் எடிட்டர் எல்லா இடத்திலும் மாற்றிக் கொடுக்கும். நெடுவரிசைப் பெயரை மாற்றினால் எது எது உடைந்தது என்று அடுத்த மாதம் 31ஆம் தேதி ராத்திரிதான் தெரியும்.

வெளியே போன பெயர் திரும்பாது என்பதற்கு நீங்கள் தினமும் பயன்படுத்தும் சாட்சி ஒன்று உண்டு. ஒரு இணையப் பக்கத்துக்கு நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று பிரவுசர் சொல்லும் தலைப்புக்கு 'ரெஃபரர்' என்று பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலில் நடுவில் இரண்டு 'ஆர்' வர வேண்டும், ஒன்று விட்டுப்போனது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு ஹெச்டிடிபி என்று பெயர், 1996இல் வந்த அதன் ஆவணத்தில் அந்தப் பிழையோடேயே அச்சேறிவிட்டது. இன்றைக்கும் எல்லாப் பிரவுசரும் பிழையோடுதான் அனுப்புகின்றன, திருத்தி அனுப்பினால் யாருக்கும் புரியாது.

இதுவரை பார்த்ததில் மூன்று விஷயம். இயந்திரம் இடத்தைத்தான் பார்க்கிறது. சிறிய ஸ்கோப்பில் சிறிய பெயர் குற்றமில்லை. டேபிளும் நெடுவரிசையும் வெகுதூரம் போகிற பெயர்கள், திருத்துவது கடினம்.

ஒட்டகமும் பாம்பும்

இனி எல்லாரும் சண்டை போடும் இடம். பெயரில் இடைவெளி விட முடியாது, இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்து எழுத வேண்டும் என்றால் எங்கே சொல் முடிகிறது என்று காட்ட ஏதாவது வேண்டும். நடுவில் அண்டர்ஸ்கோர் போட்டு 'பில்_தேதி' என்று தரையோடு ஊர்ந்தால் அது ஸ்நேக் கேஸ். இடையில் எதுவும் போடாமல் இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினால் கேமல் கேஸ், ஒட்டகத் திமில் மாதிரி நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். முதல் சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கினால் பாஸ்கல் கேஸ். தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாது, அதனால் திமிலை உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாது. நமக்கு வாய்த்தது பாம்புதான்.

எது சரி? அந்தந்த மொழிக்காரர்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டார்கள். ஜாவாவில் வேரியபிளுக்குக் கேமல். பைத்தானில் 2001இல் எழுதப்பட்ட பெப் 8 என்ற நடை வழிகாட்டி வேரியபிளுக்கும் ஃபங்ஷனுக்கும் ஸ்நேக் என்கிறது. ஊர்ப் பந்தியில் என்ன முறையோ அப்படிச் சாப்பிட்டு எழுந்து வர வேண்டியதுதான், அங்கே போய் நியாயம் பேசாதீர்கள்.

டேட்டாபேஸில் மட்டும் இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, காரணம் உண்டு. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் மேற்கோள் குறிக்குள் போடாத பெயர்கள் எல்லாம் சின்ன எழுத்தாக மாற்றப்படும். ஆரக்கிள் என்ற இன்னொரு டேட்டாபேஸில் எல்லாம் பெரிய எழுத்தாகும். திமிலோடு வைத்த பெயர் இரண்டிலும் திமிலை இழந்துவிடும். மூன்றாவதான மைஎஸ்கியூஎல் இன்னும் தமாஷ். அதில் டேபிள்கள் டிஸ்கில் ஃபைல்களாக இருப்பதால், இயல்பான அமைப்பில் விண்டோஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, லினக்ஸில் வேறு வேறு. மாமாவின் மண்டிக்கு ஒரு புரோகிராமை நான் விண்டோஸ் லேப்டாப்பில் எழுதிச் சோதித்து, எல்லாம் சுத்தம் என்று சந்தோஷமாக லினக்ஸ் சர்வரில் ஏற்றினேன். 'அப்படி ஒரு டேபிளே இல்லை' என்றது. டேபிளைக் கண்ணால் பார்க்கிறேன், அது இல்லை என்கிறது. டேபிளை உருவாக்கிய இடத்தில் முதல் எழுத்துப் பெரியது, கேட்ட இடத்தில் சின்னது, அவ்வளவுதான் விஷயம். ராத்திரி ஒரு மணி ஆனது. டேபிள் பெயர்களை முழுக்கச் சின்ன எழுத்தில், ஸ்நேக் கேஸில் வையுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இதோடு ஒன்று: 'ஆர்டர்', 'குரூப்' என்று ஆங்கிலத்தில் டேபிளுக்குப் பெயர் வைக்காதீர்கள். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் தன் இலக்கணத்துக்கு ஒதுக்கி வைத்த சொற்கள் அவை, பிழை என்று திருப்பி அனுப்பும்.

ஒருமையா பன்மையா

வாடிக்கையாளர் டேபிளா, வாடிக்கையாளர்கள் டேபிளா? இணையப் புரோகிராம் எழுத உதவும் கருவிகளில் ரெயில்ஸ் பன்மையில் வைக்கும், ஜாங்கோ தானாக வைக்கும் பெயர் ஒருமை. இரண்டிலும் உலகம் நடக்கிறது. பத்து மூட்டை வந்தது என்று சொல்கிற மொழி நம்முடையது. மாடு வந்தது, மாடு வந்தன இரண்டுக்கும் இடம் கொடுத்துப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணம் எழுதி வைத்தவர்கள் நாம். நமக்கு இந்தச் சண்டை வேண்டாம். ஒன்றைப் பிடியுங்கள், எல்லா டேபிளிலும் அதையே வையுங்கள்.

இதைவிட முக்கியம் இனிஷியல். நம் ஊரில் பெயருக்கு முன்னால் வரும் எழுத்து யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடும். பில் டேபிளில் எந்த வாடிக்கையாளருடைய பில் என்று காட்ட ஓர் எண் இருக்கும், அதற்கு ஃபாரின் கீ என்று பெயர். இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் எண் அது. அதை வெறுமனே 'எண்' என்று வைத்தால் அப்பன் பேர் தெரியாத பிள்ளை. 'வாடிக்கையாளர்_எண்' என்று வைத்தால் எந்த டேபிளுக்குப் போக வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

அப்புறம், ஒரு பொருளுக்கு ஒரே பெயர். ஒரு டேபிளில் வாடிக்கையாளர், இன்னொன்றில் கஸ்டமர், மூன்றாவதில் மண்டி வழக்கப்படி பார்ட்டி என்று வைத்தால் மூன்றும் ஒரே ஆள் என்பது யாருக்குத் தெரியும்? சென்னையிலிருந்து முதல்முறை வருபவர் வேலூர் வருமென்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்க, ரயில் காட்பாடியைத் தாண்டிப் போய்விடும். காட்பாடியில்தான் இறங்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும், அவருக்கு? போதாக்குறைக்கு வேலூர் கண்டோன்மென்ட் என்று வேறொரு ஸ்டேஷன், விழுப்புரம் பாதையில்.

பெயருக்குள் வைக்கக் கூடாதது

மாறக்கூடிய சங்கதியைப் பெயருக்குள் வைக்காதீர்கள். இதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. 1989இல் வட ஆற்காடு இரண்டானது, திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் போயிற்று. மிச்சமிருந்தது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர் மாவட்டம். 2019இல் அதுவும் மூன்றானது: ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டையோடு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடு. 'வேலூர்_மாவட்டக்_கடைகள்' என்று ஒருவர் டேபிளுக்குப் பெயர் வைத்திருந்தால், இன்று அதில் ஆம்பூர்க் கடை இருப்பது சரியா தப்பா? மாவட்டம் என்பது டேபிளுக்குள் ஒரு நெடுவரிசையாக இருக்க வேண்டிய தகவல். மாறினால் மதிப்பை மாற்றிவிட்டுப் போகலாம்.

இதே தப்பைப் பெரிய இடத்திலும் செய்திருக்கிறார்கள். ஹங்கேரியில் பிறந்து மைக்ரோசாஃப்ட்டில் வேலை செய்த சார்லஸ் சிமோனியின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் ஹங்கேரியன் நொட்டேஷன் என்று ஒரு முறை உண்டு. வேரியபிளின் பெயருக்கு முன்னால், அது எந்த வகை என்று காட்ட ஓரிரு எழுத்து ஒட்டுவது. விண்டோஸில் 'டபிள்யூபாரம்' என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்த 'டபிள்யூ' 'வேர்ட்' என்ற 16 பிட் அளவைக் குறித்தது. பிறகு விண்டோஸ் 32 பிட்டுக்குப் போனது, 64 பிட்டுக்கும் போனது, அதன் அளவும் கூடவே வளர்ந்தது. பெயரில் 'டபிள்யூ' அப்படியே நிற்கிறது. பனமரத்தை வெட்டி இருபது வருஷமாகியும் அது பனமரத்துக் கொல்லைதான். டேபிள் பெயருக்கு முன்னால் 'டேபிள்_' என்று ஒட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன், கதவில் கதவு என்று எழுதி வைக்க வேண்டுமா?

தமிழிலேயே பெயர் வைத்தால்?

வைக்கலாம். பைத்தான் 3இல் 'எடை = 25' என்று தமிழிலேயே எழுதலாம், ஓடும். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க அருமையான வழி. டேட்டாபேஸில் நான் ஒருமுறை ஆசைப்பட்டுச் செய்து பார்த்தேன். போஸ்ட்கிரெஸில் ஒரு பெயர் 63 பைட்டுக்குள் (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கும் அலகு பைட்) இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. கொம்பு, புள்ளி, சுழி எல்லாமே தனித்தனிக் குறிகள். 'வாடிக்கையாளர்_பெயர்' 55 பைட், பிழைத்தது. 'வாடிக்கையாளர்_தொலைபேசி' 64. ஒரே ஒரு பைட் அதிகம். அது ஓர் அறிவிப்பை மட்டும் எழுதிவிட்டுக் கடைசிச் சுழியை வெட்டிவிட்டது. டேபிளைத் திறந்தால் 'வாடிக்கையாளர்_தொலைபேச' என்று வாக்கியம் பாதியில் நிற்கிறது.

'ஔ' இன்னொரு பொறி. ஒற்றை எழுத்தாக அடித்த ஔவும், ஒ போட்டுப் பக்கத்தில் ள அடித்த ஒளவும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, கம்ப்யூட்டருக்கு வெவ்வேறு.

சரி, தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதலாமே என்பீர்கள். ஆரணிக்கே ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல் புழக்கத்தில் இருக்கிறது, குடியாத்தத்துக்கும் அப்படித்தான். நாலு பேர் சேர்ந்து எழுதினால் கத்தரிக்காய்க்கு நாலு விதம் வரும். பொதுவான விஷயத்துக்கு ஆங்கிலச் சொல்லே வைத்துவிட்டு, தரகு மாதிரி மண்டியில் மட்டும் புழங்கும் சொற்களுக்கு எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்வது என் வழி. உள்ளே போடும் தகவல் தமிழில் இருக்கட்டும், அதற்கு ஒரு தடையும் இல்லை.

ஆமா-இல்லை மட்டும் வரும் நெடுவரிசைக்குக் கேள்வியாகப் பெயர் வைப்பது வழக்கம். தமிழில் இதற்கு ஒரே ஓர் 'ஆ' போதும்: 'பணம்_வந்ததா'. 'பணம்_வரவில்லையா' என்று வைத்துவிட்டு அதற்கு இல்லை என்று பதில் போட்டால், வந்ததா வரலையா என்று நீங்களே குழம்புவீர்கள்.

'அளவு' செய்த வேலை

மண்டி புரோகிராமில் நான் செய்த பெரிய தப்பு இதெல்லாம் இல்லை. எழுத்துக்கூட்டல் சரி, ஸ்நேக் கேஸ் சரி, சின்ன எழுத்து சரி. நெடுவரிசைக்கு வைத்த பெயர் 'அளவு'. லோடு வரும்போது பதிகிற பையன் எடைச் சீட்டைப் பார்த்துக் கிலோவில் அடித்தான். விற்கும்போது பில் போடுகிறவர் மூட்டையில் அடித்தார். இரண்டுமே அளவுதானே, யாரைக் குறை சொல்வது? 200 மூட்டை லோடு 5000 என்று ஏறியது, விற்ற 180 மூட்டை 180 என்று கழிந்தது. மாதக் கடைசியில் கையிருப்பு 4820 மூட்டை என்று ரிப்போர்ட் வந்தது. 300 மூட்டை அடுக்கினால் கதவு சாத்த முடியாத குடோன் அது. மாமா என்னை ஒன்றும் சொல்லவில்லை, ரிப்போர்ட்டைக் கணக்குப்பிள்ளையிடம் நீட்டிவிட்டு டீ சொன்னார்.

'அளவு'வைத் தூக்கிவிட்டு 'மூட்டை_எண்ணிக்கை', 'எடை_கிலோ' என்று இரண்டு நெடுவரிசை வைத்தேன். அலகு பெயரிலேயே இருந்தால் தப்பாக அடிக்கக் கை கூசும். 'தேதி' என்று இருந்ததையும் 'பில்_தேதி', 'லோடு_வந்த_தேதி' என்று பிரித்தேன். எடையை மட்டும் கையால் அடிக்க விடவில்லை, எண்ணிக்கையை 25ஆல் பெருக்கிப் புரோகிராமே போட்டுக்கொள்ளும். கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது.

2022 ஜூலையில், பாக்கெட் செய்து விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. மில்காரர்கள் 26 கிலோ மூட்டை போட ஆரம்பித்தார்கள். அந்த லோடு இறங்கிய அன்று கணக்குப்பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்கிரீனில் என் நெடுவரிசைத் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தார். 'மூட்டை_எண்ணிக்கை'யில் விரலை வைத்தார்.

"இதுல எந்த மூட்டைன்னு எங்க தம்பி எழுதியிருக்க?"

எழுதவில்லை. அன்று சாயங்காலம் 'மூட்டை_எடை_கிலோ' என்று ஒரு நெடுவரிசை கூடியது.